என் பக்கத்துப் பிரேக்

ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் இடது முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கழுத்து வலி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போன் எதற்கு இருக்கிறது என்பாய். போனில் நீ போடும் 'ம்'களை வைத்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் வருடம் உங்கள் டீச்சர், படிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஓர் ஆளுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தாரே, அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த உலகத்தில் இல்லை. பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் நான். மூன்று வருடம் எழுதினாய். அந்தப் பழக்கத்தை வேலைக்குப் போன கையோடு விட்டுவிடாதே.

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. 'மாஸ் கம்யூனிகேஷன் படிச்சிருக்கா' என்றேன். எதிர்வீட்டுக்காரர் அடுத்த நாளே உடைந்த போன் ஒன்றைக் கொண்டுவந்து, 'பாப்பா வந்தா பாக்கச் சொல்லுங்க' என்று கொடுத்துவிட்டுப் போனார். மறுக்க மனம் வரவில்லை. அலமாரியில் இருக்கிறது.

நம் டிரைவிங் ஸ்கூல் வழக்கம்போல உருண்டுகொண்டிருக்கிறது. காலை ஏழு மணிக்கு நர்ஸம்மா. உன் கடைசி வருடப் படத்தில் வந்தாரே, அவரேதான். கிளட்சுக்கும் அவருக்கும் இன்னும் ராசியாகவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். கார் ஓட்டத் தெரிந்தால்தான் கொடுப்பார்களாம். வார்டில் நின்று நின்று காலெல்லாம் நரம்பு சுருண்டுகிடக்கிறது அவருக்கு. அக்டோபருக்குள் லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார். பல்லைக் கடிப்பது சரி, கண்ணை ஏன் மூடுகிறார் என்பதுதான் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அப்பா,
பக்கத்து சீட்டுக்காரன்


ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

கழுத்து வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி நலம். அம்மாவை மாடிப்படி ஏறவிடாதீர்கள். கடிதத்தை இனி அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். பகலில் அறையில் யாரும் இருப்பதில்லை. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவதை என் அறைத்தோழி குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுகிறாள். உங்கள் கடிதத்தை முறத்திலிருந்துதான் மீட்டேன்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். திறக்க முடியாத ஜன்னல்கள். ஆளுக்கு இரண்டு திரை, காதில் ஹெட்போன். பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடக்கூடத் திரையில்தான் எழுத வேண்டும். ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்துதான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள்.

கல்லூரியில் செய்தி என்றால் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்வி. இங்கே ஒரே கேள்விதான். 'கட்டைவிரல் நிக்குமா?' பார்ப்பவர் போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போகும் கட்டைவிரல். நான் எழுதிக் கொடுத்த இரண்டும் நிற்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

படித்தது வீண் என்று சொல்லமாட்டேன். கேமரா, ஒலி, வெட்டு, ஒட்டு எல்லாவற்றிலும் கை ஓடுகிறது. பக்கத்து மேசைக்காரன் கணக்குப் படித்துவிட்டு வந்தவன். அவன் சாயங்காலம்வரை இழுப்பதை நான் மதியத்துக்குள் முடித்துவிடுகிறேன். ஆனால் படிப்பில் இன்னொரு பாதி இருந்ததே அப்பா? யாரைக் கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும், எதைக் காட்டாமல் விட வேண்டும் என்கிற பாதி? அதை இங்கே எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைப்போல தினமும் கொண்டுபோய், திறக்காமலே திரும்பக் கொண்டுவருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். என் கடைசி வருடப் படத்தை டீம் லீடர் பார்த்தார். அதில் காருக்குள் நடக்கும் துண்டு ஒன்றை எங்கள் சேனலில் போடலாம் என்கிறார். நீங்கள் சுவரைப் பற்றிச் சொல்வீர்களே, அது. போடட்டுமா? யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வால்


ஜூன் 28

அன்புள்ள வாலுக்கு,

நலம். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். இது அம்மா.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கார் என்னுடையது, குரல் என்னுடையது, மீசை என்னுடையது. தாராளமாகப் போடு. 'நல்ல சட்டை போட்டுக்கிட்டு உக்காருங்கன்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா' என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். இனி அந்தக் காலர் கிழிசலை உலகமே பார்க்கும். பார்க்கட்டும். என் மகள் சம்பளம் வாங்கும் இடத்துக்கு என் காலரால் ஒரு உபகாரம்.

திருப்பிவிட்ட இரண்டையும் எனக்கு அனுப்பு. என் கட்டைவிரல் நிற்கும். போனில் அடுத்ததுக்குத் தள்ளுவது எப்படி என்று இன்னும் எனக்குத் தெரியாது.

நர்ஸம்மா நேற்று முதல் முறையாக மூன்றாவது கியர் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். 'ரோட்டைப் பாருங்கம்மா' என்றேன். என் பக்கத்துப் பிரேக் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் இப்போது அவர் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்போம்.

உன் அப்பா


ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா கால் எப்படி?

அந்தத் துண்டு எங்கேயோ போய்விட்டது அப்பா. இந்த வருடம் எங்கள் சேனலில் இவ்வளவு பேர் பார்த்தது வேறெதுவும் இல்லையாம். மொத்தமே ஒன்பது நொடி. நர்ஸக்கா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அலறுகிறார். முகம் திரை முழுக்க வருகிறது. நீங்கள் காபி ஆற்றுகிற நிதானத்தில் 'சுவரு ஒதுங்காதும்மா, நாமதான் ஒதுங்கணும்' என்கிறீர்கள். அவ்வளவுதான், முடிந்தது. எவனாவது எதிலாவது மாட்டிக்கொண்டால் இதைத்தான் அனுப்புகிறார்கள். லிஃப்டில் எனக்கே ஒருவர் காட்டினார், அது என் அப்பா என்று தெரியாமல்.

டீம் லீடர் இதுவரை என்னை 'ஏய் புதுசு' என்றுதான் கூப்பிடுவார். இப்போது நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார். இதேபோல மாதம் நாலு வேண்டுமாம். இப்படியே போனால் சோதனைக் காலத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்றார்.

என் படத்தில் அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. நீங்கள் உங்கள் பிரேக்கை மிதிப்பீர்கள். அவர் கண்ணைத் திறந்து, மூச்சு வாங்கி, தானே பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போவார். போகும்போது சிரிப்பார். அதை வெட்டிவிட்டோம். கட்டைவிரல் அதுவரை நிற்காதாம்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். தெரியவில்லை.

நர்ஸக்கா நன்றாக இருக்கிறாரா?

வால்


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நலம். அங்கே உன் நலத்துக்கு அம்மா தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவாள்.

உன் அப்பன் இப்போது பெரிய ஆள். பெட்ரோல் பங்க்கில் என் பெயர் 'சுவர்'. 'சுவர் வண்டி வந்திருக்குடா, டேங்க்கத் தெற' என்கிறார்கள். தக்காளிக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொன்னேன். 'விலை ஒதுங்காது சார், நீங்கதான் ஒதுங்கணும்' என்றார். வாயை வாடகைக்கு விட்டால் இப்படித்தான். கற்றுக்கொள்ளப் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் கற்றுக்கொள்ள வரவில்லை, என்னோடு படம் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான். என்றாலும் கிளட்ச் என்னவோ நன்றாக வருகிறது அவனுக்கு.

காலை ஏழு மணி வகுப்பு இப்போதைக்குக் காலி. அந்த நேரத்தில் காரைத் துடைக்கிறேன். நீ வந்து பார்க்க வேண்டும், முகம் பார்த்துத் தலை வாரலாம்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடு. நிஜ டப்பாவைச் சொன்னேன்.

உன் அப்பா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்.

நர்ஸக்காவைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் தக்காளிக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரைத் துடைக்கச் சொல்லி அம்மா எத்தனை வருடம் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியிருப்பாள்? அப்போதெல்லாம் துடைக்காதவர் இப்போது தினமும் துடைக்கிறீர்கள். அதுவும் ஏழு மணிக்கு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வால்


ஆகஸ்ட் 20

அன்புள்ள வாலுக்கு,

உன் அம்மாவுக்கு முழங்கால் தேவலை. எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு இரண்டு வழிதான் தெரியும், ஒன்று ஜோக் அடிப்பது, இன்னொன்று துடைப்பது. இரண்டும் உன்னிடம் எடுபடவில்லை.

ஜூலை கடைசியில் நர்ஸம்மா வந்தார். வாசலிலேயே நின்றார். சாலை விதிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே வரச் சொல்லி அம்மா கூப்பிட்டும் வரவில்லை. வார்டில் ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போயிருக்கிறார். பக்கத்தில் இருந்த பையன் போனைப் பார்த்துவிட்டு, 'சிஸ்டர், கண்ணைத் தெறந்துக்கிட்டுத்தானே போடுவீங்க?' என்று கேட்டிருக்கிறான். வார்டே சிரித்ததாம். அதோடு போகவில்லை. அந்தப் பெரியவர் கையை இழுத்துக்கொண்டு, வேறு நர்ஸ் வந்து போடட்டும் என்றிருக்கிறார். மறுநாள் இன்னொருவர். அதற்கடுத்த வாரம் அவரை மருந்து எடுத்துக்கொடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வீடு வீடாகப் போகும் வேலையைப் பற்றி இனி கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்றார்.

'எனக்குக் கார் ஓட்ட வராதுன்னு ஊரே பாக்கட்டும் சார், அதைப் பத்தி ஒண்ணுமில்ல. ஊசியும் போட வராதுன்னு நெனச்சிட்டாங்களே' என்றார். பிறகு, 'பாப்பா பரீட்சைக்குன்னு கேட்டுச்சு. பரீட்சைக்குத்தானேன்னு சரின்னேன்' என்றார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

கார் என்னுடையது, குரல் என்னுடையது, மீசை என்னுடையது என்று உனக்கு எழுதினேன் பார். முகம் யாருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. டிரைவர் சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்திருந்ததையே மறந்துவிட்டேன். ஆயிரம் பேரைச் சுவரில் மோதாமல் காப்பாற்றிய பிரேக், உன் கடிதம் வந்த அன்றைக்கு என் காலுக்குக் கீழேதான் இருந்தது. மிதிக்கவில்லை. மகள் கேட்கிறாளே என்ற குஷியில் ஆக்ஸிலேட்டரைத் தேடியிருக்கிறேன், என் பக்கத்தில் அது கிடையாது என்பதுகூடத் தெரியாமல்.

உன் மேல் கோபமா என்று கேட்பாய். இருக்கிறது. என் மேல் இருப்பதில் பாதி.

உன் அப்பா


செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். தாமதத்துக்குக் காரணம், நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

துண்டை எடுத்துவிடலாம் என்று டீம் லீடரிடம் சொன்னேன். 'நம்ம சேனலோட சோறே அதுதான், அதப் போய் எடுக்கச் சொல்றியே' என்றார். எடுத்தாலும் பயனில்லை என்றார். அது உண்மை. யார் யாரோ இறக்கி, பாட்டு சேர்த்து, நர்ஸக்கா முகத்தில் மாட்டுக் கொம்பு வரைந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்ததும் கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாம் வருடம் எங்களுக்கு ஊடக அறம் என்று ஒரு தாள். 'ஒரு காரியத்துக்கு வாங்கிய சம்மதம் இன்னொரு காரியத்துக்குச் செல்லாது.' இதை விளக்கி நாலு பக்கம் எழுதினேன். டீச்சர் வகுப்பில் அதை வாசித்துக் காட்டினார். அதனால், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கேட்க வேண்டும் என்று தெரியும். யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். உங்களைக் கேட்டேன். நீங்கள் சரி என்று சொல்வீர்கள் என்பதால் கேட்டேன்.

இப்போது ஒரு வழி இருக்கிறது. மீதித் துண்டை, அவர் தானே வண்டியைத் திருப்பிச் சிரிக்கிறாரே, அதைப் போடலாம். கூடவே இப்போது அவர் ஓட்டுவதையும் எடுத்து, 'அன்று அலறிய நர்ஸ் இன்று' என்று தலைப்பு வைக்கலாம். டீம் லீடருக்கும் பிடித்திருக்கிறது. இது வந்தால் நிரந்தரம் உறுதி என்கிறார். நர்ஸக்காவுக்கும் மரியாதை திரும்பக் கிடைக்கும். நீங்கள் ஒரு வார்த்தை அவரிடம் கேட்டுப் பாருங்களேன் அப்பா. நீங்கள் சொன்னால் கேட்பார்.

வால்


செப்டம்பர் 22

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். கழிவறையில் உட்காராதே, கழுத்து வலி போதும்.

நான் கேட்கமாட்டேன்.

பிறந்ததிலிருந்து நீ கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. 'இதென்ன, பொண்ணு வேலை போயிடப் போகுது' என்று அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமல் இருந்ததே தேவலை.

என் 'சரி' ஒருமுறை கெட்டுப்போன 'சரி'. இனி அது எங்கேயும் செல்லாது. நான் சொன்னால் நர்ஸம்மா கேட்பார் என்கிறாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வீடு உனக்குத் தெரியும். போன தடவை கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாய். இந்தத் தடவை வெறுங்கையோடு போய்க் கேள்.

உன் அப்பா


அக்டோபர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமை வந்து நர்ஸக்காவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வந்திருந்தால் அழுதிருப்பேன், அம்மா சோறு போட்டிருப்பாள், எல்லாம் சரியாகிவிட்டதுபோல ஆகியிருக்கும்.

கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை சீருடையை மடித்துக்கொண்டே இருந்தார். புதுப் படம் பற்றியும் கேட்டேன்.

'வேணாம்மா. நல்லவிதமா காட்டினாலும் வேணாம். என் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடு, போதும்' என்றார்.

திருப்பிக் கொடுக்க என்னிடம் அது இல்லை என்றேன். கிளம்பும்போது கேட்டார், 'இதெல்லாம் ஒங்க படிப்புல சொல்லிக் குடுக்கலையா?'

'சொல்லிக் குடுத்தாங்கக்கா. எழுதி மார்க்கும் வாங்கினேன்.'

'நானுந்தான் சாலை விதிப் பரீட்சையில முழு மார்க்கு' என்றார்.

திங்கட்கிழமை காலை யாரையும் கேட்காமல் சேனலிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். பிரதிகள் இருக்கின்றன, இருந்துகொண்டுதான் இருக்கும். எங்கள் சேனலில் இல்லை, அவ்வளவுதான்.

இனிமேல் கடிதங்களை அறை முகவரிக்கே அனுப்புங்கள். பகலில் நான் இருப்பேன்.

வால்


அக்டோபர் 30

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நலம். கவரில் அறை முகவரியை எழுதினேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். 'தபால்காரருக்கு அதுதான் வசதியாம்' என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உனக்கு அனுப்பத் தைலத்தோடு இன்னும் என்னென்னவோ கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நர்ஸம்மா திரும்ப வந்தார். நீ வந்துவிட்டுப் போனதற்கு அடுத்த வாரம், ஏழு மணிக்கு. ஒரு நிபந்தனை போட்டார், நான் வாயைத் திறக்கக் கூடாது. 'ஒங்க குரலக் கேட்டாலே வார்டு ஞாபகம் வருது சார்.' யோசித்துப் பார், பேசாமல் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை. கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கன்னத்தை உப்பினேன். எதிரில் வந்தவர்கள் எனக்குத்தான் ஏதோ வலிப்பு என்று நினைத்திருப்பார்கள். அதே சுவர் வந்தது. எனக்கு வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. அவர் என் பக்கம் திரும்பாமலே, 'காலை எடுங்க சார். நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்' என்றார்.

எடுத்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண் இரண்டும் திறந்திருந்தது.

புதன்கிழமை டெஸ்ட். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. போச்சு, கிளட்ச் என்று நினைத்தேன். கிளட்ச் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவர் ஒதுங்காது என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். இவர் வண்டியை ஓரங்கட்டி, 'எறங்கிச் சிரிச்சு முடிச்சுட்டு வாங்க ஐயா, நான் காத்திருக்கேன்' என்றாராம். அந்த ஆள் இறங்கவில்லை. அதன்பிறகு சிரிக்கவும் இல்லை. பாஸ் போட்டுவிட்டார்.

கூச்சத்தை விட்டுக் கேட்டாராம், வீடு வீடாகப் போகும் அந்த வேலை அவருக்குக் கிடைத்துவிட்டது, நவம்பரிலிருந்து. கையைத் தட்டி வாழ்த்தினேன். 'போற வீட்லயும் போன் இருக்கும் சார்' என்றார். பேசத்தான் கூடாதே என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இறங்கும்போது, நீ வந்தால் ஒருநாள் பின்சீட்டில் வந்து உட்காரச் சொன்னார். கையில் ஒன்றும் இருக்கக் கூடாதாம்.

பின்சீட்டையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா